தூணுக்குப் பக்கத்துல ஒரு ராத்திரி: லண்டன் 100 கிளப், பங்க் ராக், நாம

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டுவிட்டு, படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் கோடிங் இல்ல, இன்டர்வியூ டிப்ஸ் இல்ல, ஏஐ பத்தி ஒரு வார்த்தைகூட இல்ல. ஒரே ஒரு ராத்திரியப் பத்திப் பேசப்போறேன். உண்மையா சொல்லணும்னா ரெண்டு ராத்திரி. ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு நான் பொறக்குறதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடி, 1976 செப்டம்பர்ல, அதே ரூம்ல நடந்தது.

ஒரு ப்ராஜெக்ட்டுக்காக மூணு மாசம் லண்டன்ல இருந்தேன். வேலைய விட்டா ரூம், ரூம விட்டா வேலை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், இதுக்கு மேல அந்த ரூம் சுவரப் பார்த்துட்டு உக்கார முடியாதுன்னு தோணுச்சு. ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட் 100-ம் நம்பர்ல மூணு பேண்ட் வாசிக்கிறாங்கன்னு போட்டிருந்தது. ரெண்டு கராஜ் ராக், ஒரு பங்க். டிக்கெட் எடுத்துட்டேன். தனியா.

அந்த அட்ரஸ் எனக்கு ஏற்கனவே தெரியும். ஹாஸ்டல்ல ஒரு சீனியர் ஹார்டு டிஸ்க்ல இருந்து காப்பி பண்ணின பாட்டுங்கள்ல செக்ஸ் பிஸ்டல்ஸ், த கிளாஷ் எல்லாம் இருந்தது. அவங்களப் பத்தி எதப் படிச்சாலும் '100 கிளப்'னு ஒரு பேர் வரும். பேருக்குப் பெரிய அர்த்தம் எதுவும் இல்ல, கதவு நம்பர் 100, அவ்ளோதான்.

டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு ஸ்டேஷன்ல இறங்கி நடந்தேன். அந்த ஸ்டேஷன் பக்கத்துல ஒரு காலத்துல அஸ்டோரியான்னு ஒரு பெரிய கச்சேரி அரங்கம் இருந்தது. புது ரயில் பாதைக்காக 2009-ல இடிச்சிட்டாங்க. கொஞ்ச தூரம் போனா துணிக்கடை, போன் கடை, ஸ்வீட் கடைக்கு நடுவுல ஒரு கதவு. உள்ள போனா படிக்கட்டு, கீழ பேஸ்மென்ட். சிவப்புச் சுவர், பூரா பழைய கறுப்பு வெள்ளை போட்டோ. சுமாரா 350 பேர் நிக்கலாம். நம்ம ஊர் சின்ன கல்யாண மண்டபத்தோட டைனிங் ஹால் இதவிடப் பெருசு.

அந்த ரூமுக்குன்னு ஒரு விசித்திரம் உண்டு. ரூம் நீளமா இருக்கும், ஆனா மேடை ஒரு கோடியில இல்ல, நீளச் சுவரோட நடுவுல இருக்கும். மேடைக்கு முன்னாடி தூண்கள். எங்க நின்னாலும் ஏதோ ஒரு தூண் மறைக்கும். நான் போய் ஒரு தூண் பக்கத்துலயே நின்னுக்கிட்டேன். தனியா வந்தவனுக்குச் சாய ஏதாவது வேணும்ல.

இந்த இடத்துல 1942 அக்டோபர் 24-லிருந்து இசை நடக்குது. இரண்டாம் உலகப்போர் நடந்துட்டு இருந்த நேரம். அப்போ இது ஒரு ரெஸ்டாரன்ட்டோட பேஸ்மென்ட். ஞாயிற்றுக்கிழமை ஜாஸ் கச்சேரிக்கு ஒரு குடும்பம் வாடகைக்கு எடுத்தாங்க. 1964-ல '100 கிளப்' ஆச்சு. அப்புறம் ப்ளூஸ், ராக், ரெகே, பங்க்னு வந்தது எல்லாத்துக்கும் இடம் கொடுத்திருக்கு.

சரி, மேடைக்கு வர்றேன். முதல் பேண்ட் ரெண்டே பேர், ஒரு கிதார், ஒரு ட்ரம்ஸ். எதுவும் பேசாம ஆரம்பிச்சாங்க. அந்தச் சத்தத்த எப்படிச் சொல்றது? திருவிழால செட் மேளம் அடிக்கிறப்போ பக்கத்துல நின்னிருக்கீங்களா? நெஞ்சுக்கூட்டுக்குள்ள அடிக்கும் பாருங்க, அது. அதோட ஒரு கிதார் கிழியுற சத்தத்தச் சேர்த்துக்கோங்க. அதான் கராஜ் ராக்.

கராஜ்னா வேற ஒண்ணும் இல்ல, கார் ஷெட். 1960-கள்ல அமெரிக்காவுல பசங்க வீட்டு கார் ஷெட்ல பிராக்டிஸ் பண்ணின இசை. மூணு கார்டு, ரெண்டரை நிமிஷம், தப்பு வந்தாலும் நிறுத்த மாட்டாங்க. இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் 'லூயி லூயி'. ரிச்சர்ட் பெர்ரி எழுதின பாட்டு. போர்ட்லேண்டச் சேர்ந்த த கிங்ஸ்மென் 1963-ல அத ரெக்கார்ட் பண்ணினாங்க, செலவு சுமாரா 50 டாலர். கிதார் சோலோ முடிஞ்சதும் பாடகர் கொஞ்சம் சீக்கிரமே பாட ஆரம்பிச்சு, ஐயோன்னு நிறுத்திடுவார். ட்ரம்மர் ஒரு அடி அடிச்சு அந்த ஓட்டைய மூடுவார். இன்னிக்குப் போய்க் கேளுங்க, அந்தத் தப்பு அப்படியே இருக்கு. பக் இருக்குற பில்டையே ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்பிட்டாங்க [சிரிப்பு]. அது உலகம் பூரா ஓடுச்சு. பாடுற வார்த்தை புரியாததால, ஏதோ ஆபாசமா இருக்குன்னு புகார் போய், எஃப்பிஐ ரெண்டு வருஷத்துக்கு மேல விசாரிச்சது. கடைசில அவங்க வந்த முடிவு என்ன தெரியுமா? வார்த்தை புரியல.

1972-ல லென்னி கேன்னு ஒருத்தர் இந்த மாதிரி மறந்துபோன 27 பாட்டச் சேர்த்து 'நக்கெட்ஸ்'னு ஒரு இரட்டை எல்பி தொகுத்தார். அதுக்கு அவர் எழுதின குறிப்புலயே 'பங்க் ராக்'ங்கிற வார்த்தை வருது. பின்னாடி அவரே பாட்டி ஸ்மித்தோட கிதாரிஸ்ட் ஆனார். அதனால கராஜ் வேற, பங்க் வேறன்னு ரொம்பப் பிரிக்க வேண்டாம். அண்ணன் தம்பிதான். தம்பிக்குக் கோவம் ஜாஸ்தி.

இப்போ 1976-க்குப் போவோம். செப்டம்பர் 20, 21. திங்கள், செவ்வாய். இதே பேஸ்மென்ட்ல ரெண்டு நாள் பங்க் திருவிழா. முதல் நாள் சப்வே செக்ட், சூசி அண்ட் த பான்ஷீஸ், த கிளாஷ், செக்ஸ் பிஸ்டல்ஸ். ரெண்டாவது நாள் வாசிச்சவங்கள்ல த டாம்ட், மான்செஸ்டர்ல இருந்து பஸ்காக்ஸ், த வைப்ரேட்டர்ஸ் எல்லாம் இருந்தாங்க. பாரிஸ்ல இருந்து ஸ்டிங்கி டாய்ஸ் வேற. அந்த வாரம் இவங்கள்ல ஒருத்தர்கூட ஒரு ரெக்கார்டு வெளியிடல. பிரிட்டிஷ் பங்க்கோட முதல் சிங்கிள்னு சொல்லப்படுற டாம்டோட 'நியூ ரோஸ்' அடுத்த மாசம்தான் வருது.

இதுல சூசி கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவங்க பிஸ்டல்ஸோட ரசிகை. கூட்டத்துல நிக்கிற ஆள். நிகழ்ச்சியில ஒரு இடம் காலியா இருக்குன்னு தெரிஞ்சதும், நாங்க வாசிக்கிறோம்னு சொல்லிட்டாங்க. பேண்டே கிடையாது! நாலு பேரச் சேர்த்தாங்க. ட்ரம்ஸ்ல சிட் விஷியஸ், அதுக்கு முன்னாடி அவர் மேடையேறி ட்ரம்ஸ் வாசிச்சதே இல்ல. பாட்டுன்னு தனியா எதுவும் தயார் பண்ணல. கிறிஸ்தவ ஜெபத்த வெச்சுக்கிட்டு நடுநடுவுல வேற பாட்டோட துண்டுகளச் செருகி, ஏறக்குறைய 20 நிமிஷம் தோணினபடி வாசிச்சிட்டு இறங்கிட்டாங்க. அதுக்கப்புறம் இருபது வருஷம் அந்த பேண்ட் நடந்தது.

இந்தக் கதைய இங்கயே நிறுத்தினா நல்லா இருக்கும். 'ரெடி ஆகுற வரைக்கும் காத்திருக்காதீங்க மக்களே'ன்னு ஒரு ஸ்டார்ட்அப் பாடம் சொல்லிட்டுக் கிளம்பிடலாம். நானும் ரொம்ப வருஷம் இந்தக் கதைய இந்த அளவோடதான் சொல்லிட்டு இருந்தேன். ஆனா மீதி ரெண்டு விஷயம் இருக்கு.

முதல் விஷயம். அன்னிக்கு சூசி கையில ஒரு ஸ்வஸ்திகா பட்டை கட்டியிருந்தாங்க. நம்ம வீட்டு வாசல்ல போடுற ஸ்வஸ்திகா இல்ல, நாஜிக்களோடது. பெரியவங்களக் கடுப்பேத்துறதுக்காக அந்தக் கூட்டத்துல சிலர் அப்படிப் போடுறது வழக்கம். போர் முடிஞ்சு 31 வருஷம்தான் ஆகியிருந்தது. கிளாஷோட மேனேஜர் பெர்னி ரோட்ஸ் அதப் பார்த்துட்டு, எங்க ஆம்ப், ட்ரம்ஸ் எதையும் உங்களுக்குத் தர மாட்டோம்னு சொல்லிட்டார். வேற பேண்ட்கிட்ட வாங்கித்தான் அவங்க வாசிச்சாங்க. பின்னாடி சூசி மாறினாங்க, நாஜிக்கள எதிர்த்துப் படம் பண்ணின ஜான் ஹார்ட்ஃபீல்டு நினைவா ஒரு பாட்டே போட்டாங்க. ஆனா அன்னிக்கு ராத்திரி அந்தப் பட்டை கையில இருந்தது.

ரெண்டாவது விஷயம். செவ்வாய்க்கிழமை டாம்ட் வாசிச்சிட்டு இருக்கும்போது கூட்டத்துல இருந்து யாரோ ஒரு கண்ணாடி டம்ளர எறிஞ்சாங்க. அது தூண்ல பட்டுச் சிதறுச்சு. சிதறின துண்டு ஒரு பொண்ணு கண்ணுல ஏறி, அவங்களுக்கு ஒரு கண்ணுல பார்வை போயிடுச்சு. சிட் விஷியஸ போலீஸ் கைது பண்ணினாங்க. அவர்தான் எறிஞ்சாராங்கிறதுல இன்னும் சர்ச்சை இருக்கு. கிளப் அதுக்கப்புறம் பங்க்குக்குத் தடை போட்டுச்சு.

கவனிச்சீங்களா? சிட் விஷியஸப் பத்திப் படம் வந்திருக்கு, டிஷர்ட் விக்குது. அந்தப் பொண்ணு, இந்தக் கதைய எழுதுற எல்லாருக்கும் ஒரு வரி. நான் சாய்ஞ்சிட்டு நின்ன தூண் அதே தூணா, பக்கத்துத் தூணா, எனக்குத் தெரியாது. ஆனா முதல் பேண்ட் முடிஞ்சு ஆளுங்க பீர் வாங்கப் போனப்போ அது ஞாபகம் வந்துடுச்சு. அதோட இன்னொரு கேள்வியும் வந்தது. 1976-ல இந்த ரூம்ல நான் நின்னிருக்க முடியுமா? இந்தத் தோலோட?

அந்த வருஷத்தக் கொஞ்சம் பாருங்க. 1976 ஜூன் 4. ராக் வரலாறு எழுதுறவங்களுக்கு அது புனித நாள். மான்செஸ்டர்ல ஒரு சின்ன ஹால்ல செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசிச்சாங்க. சில டஜன் பேர்தான் வந்தாங்க. வந்தவங்கள்ல பின்னாடி ஜாய் டிவிஷன் ஆரம்பிச்சவங்க இருந்தாங்க, மாரிஸ்ஸி இருந்தார். அதே ஜூன் 4, மேற்கு லண்டன்ல சவுத்தால். குர்தீப் சிங் சக்கர்னு 18 வயசு மாணவன், டொமினியன் சினிமா பக்கத்துல இனவெறிக் கும்பலால குத்திக் கொல்லப்பட்டான். அடுத்த சில நாள்லயே அங்கிருந்த பசங்க 'சவுத்தால் யூத் மூவ்மென்ட்'ட ஆரம்பிச்சாங்க. ஒரே தேதி. ஒண்ணு ராக் புக்ல இருக்கும், இன்னொண்ணு வேற புக்ல இருக்கும்.

ரெண்டு மாசம் கழிச்சு, ஆகஸ்ட் 5. பர்மிங்ஹாம்ல எரிக் கிளாப்டன் மேடையில நின்னு, வெளிநாட்டுக்காரங்கள எல்லாம் வெளிய அனுப்பணும்ங்கிற மாதிரி பேசினார். கறுப்பர்களோட ப்ளூஸ வாசிச்சு, பாப் மார்லி பாட்ட ஹிட் பண்ணின மனுஷன்! அதுக்குப் பதிலா சிலர் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினாங்க. அதுல இருந்துதான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் பொறந்தது. அதே ஆகஸ்ட்ல வடமேற்கு லண்டன்ல க்ரன்விக் போட்டோ லேப்ல, ஜெயாபென் தேசாய்னு புடவை கட்டின ஒரு குஜராத்திப் பெண் தலைமையில வேலைநிறுத்தம் ஆரம்பிக்குது. ஆகஸ்ட் முடிஞ்சா செப்டம்பர், 100 கிளப் திருவிழா. இது எல்லாம் ஒரே நாடு, ஒரே கோடை.

அப்போ பங்க் யாரு பக்கம்? நேர்மையான பதில், ரெண்டு பக்கமும் இருந்தது. 1978 ஏப்ரல் 30, ட்ரஃபால்கர் சதுக்கத்துல இருந்து விக்டோரியா பார்க் வரைக்கும் ஊர்வலம். அங்க இலவசக் கச்சேரி. கிளாஷ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், ஸ்டீல் பல்ஸ். வந்த கூட்டம் 80,000-ல இருந்து ஒரு லட்சம்னு கணக்கு. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸோட பாடகி பாலி ஸ்டைரீனோட அப்பா சோமாலியாக்காரர். அடுத்த வருஷம் ஏப்ரல் 23, சவுத்தால்ல நேஷனல் ஃப்ரன்ட் கூட்டத்த எதிர்த்துப் போராட்டம். அதுல ப்ளேர் பீச்னு ஒரு ஆசிரியர் தலையில அடிபட்டு இறந்தார். அடிச்சது பெரும்பாலும் ஒரு போலீஸ்காரராத்தான் இருக்கணும்னு போலீஸோட உள் அறிக்கையே சொன்னது. அந்த அறிக்கை வெளிய வந்தது 2010-லதான். அன்னிக்கு அடிபட்டவங்களப் பத்தி அந்தப் பக்கத்து பங்க் பேண்ட் த ரட்ஸ் ஒரு பாட்டுப் போட்டாங்க.

இதோட மறுபக்கம், 1981 ஜூலை 3. அதே சவுத்தால்ல ஹாம்பரோ டாவெர்ன்னு ஒரு பப். அங்க ஸ்கின்ஹெட் ரசிகர்கள் கூட்டமா வர்ற ஒரு கச்சேரி. வெளியூர்ல இருந்து வந்தவங்க சிலர் வழியில ஆசியர்கள் கடையத் தாக்கினாங்க. ஊர்ப் பசங்க திரண்டாங்க. ராத்திரி முடியுறப்போ அந்த பப் எரிஞ்சிருந்தது. இந்தப் பக்கமும் அதே மூணு கார்டுதான், அதே வேகம்தான். சத்தம் மட்டும் யாரையும் நல்லவங்களா ஆக்கிடாது.

நடுவுல இன்னொரு பேண்டும் இருந்தது, 'ஏலியன் கல்ச்சர்'. தெற்கு லண்டன்ல மூணு பாகிஸ்தானிய வம்சாவளிப் பசங்க, கூட ஒரு வெள்ளைக்கார கிதாரிஸ்ட். வேற கலாச்சாரத்துக்காரங்க வந்து இந்த நாட்ட மூழ்கடிச்சிடுவாங்களோன்னு மக்கள் பயப்படுறாங்கன்னு 1978-ல மார்கரெட் தாட்சர் டிவில சொன்னாங்கல்ல, அதையே பேராக்கிக்கிட்டாங்க. 1980-ல ஒரே ஒரு சிங்கிள். கொஞ்ச வருஷத்துல கலைஞ்சிட்டாங்க. எனக்கு இவங்களப் பத்தி ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சது. ஹாஸ்டல் ஹார்டு டிஸ்க்ல இவங்க இல்ல. இருந்திருக்கலாம்.

சரி, என் ராத்திரிக்குத் திரும்புறேன். ரெண்டாவது பேண்ட் வரைக்கும் தூண விட்டு நகரல. கைல தண்ணி கப். சுத்திப் பார்த்தா பாதிப் பேருக்கு 50 வயசுக்கு மேல. பழைய லெதர் ஜாக்கெட், நரைச்ச முடி. மீதி என் வயசு. என்ன மாதிரி நிறத்துல மூணு பேர் இருந்திருப்போம். யாரும் என்ன ஒரு மாதிரியா பார்க்கல, உண்மையச் சொல்லணும். என்ன அதிகமா பார்த்துக்கிட்டு இருந்தது நானேதான்.

கடைசி பேண்ட் பங்க். பாடகி, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். முதல் பாட்டு ஒண்ணரை நிமிஷம். ரெண்டாவது பாட்டுல முன்னாடி இருந்த கூட்டம் குதிக்க ஆரம்பிச்சது. ஒருத்தர் மேல ஒருத்தர் மோதுறது. பார்க்க அடிதடி மாதிரி இருக்கும். நாலாவது பாட்டுல என் கால் தானா நகர்ந்தது. உள்ள போயிட்டேன். பத்து செகண்ட்தான் ஜாலியா இருந்தது. அப்புறம் யாரோ தோள்ல இடிச்சு, தரையில சிந்தின பீர் வழுக்கி, கீழ விழுந்துட்டேன். மூக்குக் கண்ணாடி எங்கயோ பறந்துடுச்சு.

கண்ணாடி இல்லாம எனக்கு ரெண்டடி தாண்டி எல்லாமே மங்கல். கீழ இருந்து பார்த்தா வெறும் பூட்ஸ். அந்த ஒரு செகண்ட்ல மனசுல வந்தது அந்தப் பொண்ணோட கண்ணு, அவ்ளோதான். பயந்துட்டேன்.

அப்போ நாலு கை வந்தது. எண்ணல, நாலு மாதிரி இருந்தது. அக்குள்ல புடிச்சு ஒரே தூக்கு. நின்னுட்டேன். ஒரு பெரிய உருவம் என்னச் சுத்தி ரெண்டு கையையும் விரிச்சு இடம் பண்ணிட்டு நிக்கிறார். இன்னொரு அம்மா, அவங்களுக்கு அறுபது வயசு இருக்கலாம், போன் டார்ச்ச அடிச்சுக் குனிஞ்சு என் கண்ணாடியத் தேடுறாங்க. பாட்டு நிக்கல, குதிக்கிறதும் நிக்கல, எங்களச் சுத்தி மட்டும் ஒரு வட்டம். கண்ணாடி கிடைச்சது. ஒரு பக்கக் கம்பி வளைஞ்சிருந்தது, லென்ஸ் உடையல. அந்த அம்மா அவங்க சட்டை நுனியாலயே தொடைச்சு என் மூஞ்சில மாட்டிவிட்டாங்க. என் அம்மா மாட்டிவிடுற மாதிரி, கொஞ்சம் கோணலா.

விசாரிச்சா, அது எல்லா இடத்துலயும் இருக்குற ஒரு எழுதாத சட்டமாம். யாராவது விழுந்தா உடனே தூக்கணும். எங்க இருந்து வந்தது, யாரு சொல்லிக்கொடுத்தாங்க, எந்தப் பலகையிலயும் எழுதல. நான் நெனைக்கிறேன், அந்த மாதிரிச் சட்டமெல்லாம் யாருக்கோ அடிபட்ட பிறகுதான் வரும். எங்க வேலையிலயும் அப்படித்தான். ஒரு செக் ஏன் இந்தக் கோட்ல இருக்குன்னு தோண்டிப் பார்த்தா, அடியில ஒரு பழைய விபத்து இருக்கும்.

இந்த மாதிரி ரூம்கள் குறைஞ்சிட்டே வருது. 2007-ல இருந்து 2015-க்குள்ள லண்டன்ல சின்ன இசைக்கூடங்கள்ல 35 சதவீதம் மூடியாச்சுன்னு மேயர் ஆபீஸ் அறிக்கையே சொல்லுது. 100 கிளப்பும் 2010-ல மூடுற நிலைமைக்குப் போச்சு. அதக் காப்பாத்த பால் மெக்கார்ட்னியே வந்து அந்தச் சின்ன மேடையில பாடினார். அப்புறம் ஒரு ஷூ கம்பெனி ஸ்பான்சர் பண்ணுச்சு. அப்போ ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட் வாடகையும் வரியும் அப்படி இருந்தது. 350 பேர் டிக்கெட்ட வெச்சு அதக் கட்டவே முடியாத நிலைமை.

அது ஏன் நமக்கு முக்கியம்னா, ஒரு உதாரணம். 1976-ல அந்த மேடையில ஏறின கிளாஷ், 1982-ல 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'னு ஒரு பாட்டுப் போட்டாங்க. யாருக்கும் வேண்டாதவங்களா நிக்கிற குடியேறிகளப் பத்தினது. அந்தக் கிதார எடுத்துத்தான் 2007-ல எம்.ஐ.ஏ. 'பேப்பர் ப்ளேன்ஸ்' பண்ணினாங்க. மாதங்கி அருள்பிரகாசம். லண்டன்ல பொறந்து, யாழ்ப்பாணத்துல வளர்ந்து, போர்னால திரும்ப லண்டனுக்கே வந்த தமிழ்ப் பொண்ணு. நான் நின்னிருக்க முடியுமான்னு கேட்டேன்ல? 76-ல முடியுமோ என்னமோ. ஆனா அந்த ரூம்ல இருந்து கிளம்பின ஒரு சத்தம், சுத்திச் சுத்தி நம்ம கைக்கு வந்து சேர்ந்திருக்கு.

கடைசியா ஒரு நடைமுறை விஷயம், ப்ளீஸ் கேட்டுக்கோங்க. நான் காதுக்கு எதுவும் வெச்சுக்காம போனேன். ரெண்டு நாள் காதுக்குள்ள 'கீ...'ன்னு ஒரே சத்தம். 85 டெசிபெல்ல எட்டு மணி நேரம் தாங்கலாம்னு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறினாலும் நேரம் பாதியாகும். அப்போ 100 டெசிபெல்னா 15 நிமிஷம்தான். சின்ன ரூம் ராக் கச்சேரி அத ஈஸியா தொடும். காதுல இருக்குற அந்தச் செல்கள் போனா திரும்ப வளராது. இயர்ப்ளக் வாங்கிக்கோங்க. பாட்டு அப்பவும் நெஞ்சுலதான் அடிக்கும், கவலைப்படாதீங்க.

நிகழ்ச்சி முடிஞ்சு மேல ஏறி வந்தேன். ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்ல கடையெல்லாம் மூடியாச்சு, லேசா மழை. அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லணும்னு படிக்கட்டுப் பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னேன். கூட்டத்துல அவங்கள அடையாளம் தெரியல. கண்ணாடியில்லாமதான அவங்க மூஞ்சியப் பார்த்தேன்.

வளைஞ்ச கம்பிய இன்னும் சரிபண்ணல. இப்போ ரெக்கார்ட் பண்றப்பவும் அதான் போட்டிருக்கேன், கொஞ்சம் கோணலா இருக்கு. உங்க ஊர்ல இந்த மாதிரி ஒரு சின்ன ரூம், ஒரு சின்ன மேடை இருந்தா ஒரு தடவை போய் நில்லுங்க. தனியா போனாலும் பரவால்ல. யாராவது விழுந்தா தூக்குங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.